'நடக்கட்டும், அப்புறம் பள்ளிக்கூடம்' என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: நான் பிறந்த ஊர் புளியரை. கட்டிக்கொடுத்தது மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவு அருகே. வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறார். மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்தவள், எடை ஒன்றரை கிலோதான். ஒன்றேமுக்கால் வயதில் தானாக உட்கார்ந்தாள். இப்போது சுவரையோ என் கையையோ பிடித்துக்கொண்டு முன்னங்காலை ஊன்றி நடக்கிறாள், கால் இரண்டும் பின்னிக்கொள்கிறது. கை நன்றாக இருக்கிறது, வாய் ஓயாமல் பேசுகிறாள். டாக்டர் 'செரிபிரல் பால்ஸி' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பக்கத்து லயத்தில் ஒரு பையன், ஓடி விளையாடிக்கொண்டிருந்தவன், ஏழு வயதில் இப்போது விழுந்து விழுந்து எழுகிறான். இவளுக்கும் அப்படி முற்றிவிடுமா? ஒருவர் எண்ணெய் போட்டு உழிந்தால் சரியாகும் என்கிறார், ஒருவர் ஊசி என்கிறார், இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார். பள்ளியில் 'நடக்கட்டும், அப்புறம் சேர்க்கலாம்' என்று சொல்லிவிட்டார்கள். வளைகாப்புக்குப் பஸ்ஸில் மலை இறங்கிப் போனதால்தான் இப்படி ஆனது என்று அத்தை இன்றும் சொல்கிறார். சான்றிதழை எந்த மாநிலத்தில் வாங்குவது? இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா?

ஒரு தாய், ஆரியங்காவு

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்ட வரிசையில் சொல்லாமல் அத்தை சொல்வதாக எழுதியதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஐந்து வருடமாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. வளைகாப்புக்குப் பஸ்ஸில் போனதற்கும் மகளின் காலுக்கும் சம்பந்தம் இல்லை. கோட்டைவாசல் மலைப்பாதை வளைவுகளில் மாசமான பெண்கள் தினமும்தான் போய்வருகிறார்கள். குறைமாதப் பிரசவம் பல காரணங்களால் வரும். கிருமித் தொற்று, ரத்த அழுத்தம், பனிக்குடம் முன்கூட்டியே உடைவது, கர்ப்பப்பை வாய் தளர்ந்து போவது இதெல்லாம் உண்டு, பல பேருக்குக் காரணம் என்னவென்றே கடைசிவரை தெரிவதில்லை. பஸ் குலுக்கலில் வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் மூளையில் இந்த மாதிரிக் காயம் வராது. இதை நீங்கள் சொன்னால் அத்தையிடம் எடுபடாது. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போய் அவர் வாயாலேயே சொல்லக் கேட்க வையுங்கள். பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் அவரும் ஏதாவது ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

சரி, பிள்ளைக்கு என்னதான் நடந்திருக்கிறது?

ஒரு கால் எடுத்து வைக்க வேண்டுமென்றால் மூளை உத்தரவு போட வேண்டும், அது தண்டுவடம் வழியாக இறங்க வேண்டும், அங்கிருந்து நரம்பு வழியாகத் தசைக்குப் போக வேண்டும், தசை சுருங்கி எலும்பை அசைக்க வேண்டும், மூட்டு அதற்கு வளைந்துகொடுக்க வேண்டும். இதில் எந்த இடத்தில் கோளாறு வந்தாலும் வெளியே பார்க்கிறவர்களுக்குத் தெரிவது ஒன்றுதான், 'பிள்ளை சரியாக நடக்கவில்லை'. அதனால்தான் ஊரில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து 'வாதம்' என்று சொல்லி ஒரே எண்ணெயைப் போடுகிறார்கள். கோளாறு எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து வைத்தியம் அடியோடு மாறும். ஒருவருக்கு நல்லது செய்கிற பயிற்சி இன்னொருவருக்குக் கெடுதலாகக்கூட முடியும்.

உங்கள் மகளுக்குக் கோளாறு மூளையில். எல்லோருக்கும் மூளைக்கு நடுவில் நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன, குறைமாதத்தில், அதுவும் 32 வாரத்தை ஒட்டிப் பிறக்கிற பிள்ளைகளுக்கு அவற்றின் ஓரத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதி அந்தச் சமயத்தில் ரொம்பவும் மென்மையானது, ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைந்தாலும் தொற்று வந்தாலும் முதலில் பாதிக்கப்படுவது அதுதான். காலுக்குப் போகிற நரம்பிழைகள் அந்த அறைகளுக்கு மிக அருகிலும், கைக்கும் முகத்துக்கும் போகிறவை சற்றுத் தள்ளியும் ஓடுகின்றன. ஆற்றங்கரையில் இருக்கும் வீடுதானே வெள்ளத்தில் முதலில் முங்கும்? அதனால்தான் கால் இரண்டும் இறுகி, கை நன்றாக இருக்கிறது, பேச்சும் தெளிவாக இருக்கிறது. இந்த வகைக்கு 'ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா' என்று பெயர். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதுவாகத்தான் தோன்றுகிறது, டாக்டர் கொடுத்த சீட்டில் இந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எந்த வகை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். செரிபிரல் பால்ஸி என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி. பிறந்தவுடன் மஞ்சள் காமாலை மூளைக்கு ஏறி, கை கால் முகமெல்லாம் தன்னிச்சையில்லாமல் நெளிகிற பிள்ளைக்கும் அதே பெயர்தான், ஒரு பக்கக் கை கால் மட்டும் இழுத்துக்கொள்கிற பிள்ளைக்கும் அதே பெயர்தான், அவர்களுக்குச் செய்ய வேண்டியது வேறு.

பக்கத்து லயத்துப் பையனைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவனைப் பற்றித்தான் அதிகக் கவலை. நன்றாக நடந்த ஆண்பிள்ளை நான்கைந்து வயதுக்கு மேல் அடிக்கடி விழுகிறான், மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறான், தரையிலிருந்து எழும்போது கையை முழங்காலில் ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பு மேலேயே ஏறுகிற மாதிரி எழுகிறான், கெண்டைக்கால் மட்டும் பருத்துத் தெரிகிறது என்றால் அது டுஷேன் என்னும் தசைச்சிதைவு நோயாக இருக்கலாம். அங்கே மூளையில் கோளாறு இல்லை, தசையைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு புரதம் மரபணுக் குறையால் உருவாகவே இல்லை. அது காலப்போக்கில் கூடிக்கொண்டே போகும், இதயத்தையும் மூச்சுத் தசையையும் பாதிக்கும். அவனைப் போய் 'உட்கார்ந்து எழு, நூறு தடவை செய்' என்று வற்புறுத்தினால் இருக்கிற தசையும் சீக்கிரம் சிதையும். அந்த வீட்டாரிடம் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள், சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று போதும் சந்தேகத்தை உறுதிப்படுத்த, அதற்கு மேல் மரபணுச் சோதனை. சரியான நேரத்தில் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் நடக்கிற காலத்தை நீட்டிக்க முடியும். அந்தத் தாய்க்கு இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால், அவருடைய தங்கைகளுக்குக்கூட, மருத்துவ ஆலோசனை அவசியம், தாய் வழியாக ஆண்பிள்ளைக்கு வரக்கூடியது அது.

உங்கள் மகளுக்கு அப்படி ஆகாது. மூளையில் ஏற்பட்ட காயம் அன்றோடு முடிந்தது, அது பரவாது, வளராது. போலியோவும் இல்லை, அதில் கால் தொளதொளவென்று துவண்டு சூம்பிப்போகும், இறுகாது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் கடைசியாக ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில், 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றும் கிடைத்துவிட்டது. ஆனாலும் நடக்காத பிள்ளையைப் பார்த்ததும் இளம்பிள்ளை வாதம் என்று சொல்லும் பெரியவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

காயம் வளராது என்றாலும் உங்கள் மகள் வளருவாள், கவனிக்க வேண்டியது அங்கேதான். எலும்பு தன் போக்கில் நீளும், இறுகிய தசை அந்த வேகத்துக்கு நீளாது. ஒரே வருடத்தில் மடமடவென்று உயரும் சமயங்களில் நேற்றுவரை தரையைத் தொட்ட குதிகால் தொடாமல் போகும், முழங்கால் மடங்கியே நிற்கும். 'முற்றிவிட்டது' என்று அப்போது பயந்துவிடாதீர்கள். பிள்ளைக்குச் சிகிச்சை தருபவர் யாராக இருந்தாலும் அந்தச் சமயத்தில் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இறுக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்களே இன்று இரவு பார்க்கலாம். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். முன்பாதத்தைப் பிடித்துச் சட்டென்று மேலே தள்ளிப் பாருங்கள், கால் உங்கள் கையை எதிர்த்துக் கீழே உதைக்கும், சில சமயம் படபடவென்று அடித்துக்கொள்ளும். இப்போது முழங்காலையும் இடுப்பையும் நன்றாக மடக்கிவிட்டு, குதிகாலை உங்கள் உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை முன்கையில் சாய்த்து, மெதுவாக, மனதுக்குள் பத்து எண்ணிக்கொண்டே மேலே கொண்டுவாருங்கள். சற்றுமுன் வராத பாதம் இப்போது வரும். வேகமாக இழுத்தால் தசை எதிர்க்கும், நிதானமாக இழுத்தால் விட்டுக்கொடுக்கும், முழங்கால் மடங்கியிருந்தால் கெண்டைக்கால் தசை தளரும். செருப்பு மாட்ட, காலைத் தாங்கும் ஸ்பிளிண்ட் மாட்ட, கால்சட்டை போட எல்லாவற்றுக்கும் இதே வழிதான், முதலில் மடக்குங்கள், அப்புறம் மாட்டுங்கள். காலை அவசரத்தில் நிற்கவைத்து மாட்ட முயன்று பிள்ளையும் அழுது அம்மாவும் அழுகிற வீடுகளில் இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாலே பாதிச் சண்டை குறைந்துவிடுகிறது. குளிர், பயம், காய்ச்சல், மலச்சிக்கல், எங்காவது வலி, ஏன் விழுந்து விழுந்து சிரித்தால்கூட இறுக்கம் கூடும். உங்கள் பக்கம் ஆடி மழையில் 'இன்றைக்கு மட்டும் கால் மரக்கட்டையாக இருக்கிறது' என்று தோன்றினால் பிள்ளை அடம்பிடிக்கிறாள் என்று நினைக்க வேண்டாம், கம்பளி சுற்றிச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்.

காலையும் மாலையும் பத்து நிமிடம் இழுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. தசை நீளமாக இருக்க வேண்டுமென்றால் நாளில் பல மணி நேரம் நீட்டிய நிலையில் இருக்க வேண்டும், அதற்குத்தான் பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் சேர்த்துப் போடுகிற ஏ.எஃப்.ஓ. என்ற பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட். அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும், கடையில் தொங்குவதை வாங்காதீர்கள். உள்ளே பருத்தி சாக்ஸ், மேலே ஒரு சைஸ் பெரிய ஷூ. கழற்றியதும் தெரிகிற சிவப்புத் தடம் அரை மணி நேரத்தில் மறைந்தால் சரி, மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்துகிறது என்று பொருள், செய்தவரிடம் கொண்டுபோய்ச் சூடு காட்டித் தட்டச் சொல்லுங்கள். பிள்ளை வளர வளர மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், போன வருடத்து ஸ்பிளிண்டை இந்த வருடம் திணிக்காதீர்கள்.

இறுகிய தசை பலமானது என்று தோன்றும். உண்மையில் அது பலவீனமாகவும் இருக்கிறது. பலப்படுத்தும் பயிற்சி செய்தால் இறுக்கம் கூடும் என்று ஒருகாலத்தில் பயந்தார்கள், அது தவறு என்று தெரிந்துவிட்டது. வீட்டில் ஒரு சின்ன ஸ்டூல் இருந்தால் போதும். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படிகிற உயரம், முழங்கால் செங்கோணமாக மடங்க வேண்டும். அதில் உட்கார்ந்து எதிரில் இருக்கும் பொம்மையையோ தட்டையோ எடுக்க எழுந்து நின்று, நிதானமாகத் திரும்ப உட்காருவது. இதைப் பயிற்சி என்று சொல்லாதீர்கள், வெங்காயம் உரிக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். கால் இரண்டையும் பின்பக்கம் இருபுறமும் மடக்கித் தரையில் உட்காருகிறாளா? இந்தப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் உட்காருவார்கள், அவர்களுக்கு அது வசதி. அதற்காக அதட்ட வேண்டாம், ஆனால் நாள் முழுக்க அப்படியே விடாமல் ஸ்டூலுக்கோ, சம்மணத்துக்கோ மாற்றிவிட்டுக்கொண்டே இருங்கள். உங்கள் வீட்டுக்காரர் விடியுமுன் பால்வெட்டுக்குப் போனால் மதியம் வீட்டில் இருப்பார், சாயங்காலப் பங்கு அவருடையது. தாய் மட்டும் தூக்கித் தூக்கி முதுகு போன வீடுகளை நிறையப் பார்க்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்து மலைச் சரிவில் நடப்பது உங்கள் உடம்புக்கும் கெடுதல், அவள் காலுக்கும் பயனில்லை.

எண்ணெய் விஷயம். வெதுவெதுப்பான எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவினால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், கொஞ்ச நேரம் இறுக்கமும் தளரும், ஆச்சி கையால் அது நடக்கட்டும், நான் தடுக்கமாட்டேன். மூளைக் காயத்தை அது ஆற்றாது. ஒரு மண்டலம், இரண்டு மண்டலம் என்று மொத்தமாகப் பணம் கேட்பவர்களிடமும், 'நரம்பை எடுத்துவிடுகிறேன்' என்று சட்டென்று வெட்டி இழுப்பவர்களிடமும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். நடக்காத பிள்ளைகளுக்கு எலும்பு மெலிந்திருக்கும், முறிந்துபோகும்.

ஊசி என்று சொன்னது போட்டுலினம் ஊசியாக இருக்க வேண்டும். அது உண்மையிலேயே வேலை செய்கிற மருந்து, நரம்பிலிருந்து தசைக்குப் போகிற உத்தரவைத் தற்காலிகமாகத் தடுத்துத் தசையைத் தளர்த்தும், பலன் மூன்று நான்கு மாதம்வரை இருக்கும். அந்த மாதங்களில் ஸ்பிளிண்டும் பயிற்சியும் தீவிரமாக நடந்தால்தான் செலவழித்ததற்குப் பயன், ஊசி போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் எல்லாம் பழையபடி ஆகும். தசை ஏற்கெனவே நிரந்தரமாகச் சுருங்கிவிட்டிருந்தால் ஊசி பலிக்காது. மடக்கி மெதுவாகத் தள்ளினபோது பாதம் மேலே வந்ததா என்று பார்க்கச் சொன்னேனே, வந்தால் ஊசிக்கு வாய்ப்பிருக்கிறது என்று டாக்டரிடம் பேசலாம்.

ஆபரேஷனுக்கு இப்போது அவசரப்படாதீர்கள். முன்னங்காலில் நடக்கிறாள் என்பதற்காகக் குதிகால் தசைநாரைச் சின்ன வயதிலேயே வெட்டி நீட்டிவிட்டால், இரண்டு காலும் பாதித்த பிள்ளைகளில் அது அளவுக்கு மீறித் தளர்ந்து, முழங்கால் மடங்கிக் குனிந்து நடக்கும் நிலை வரும், அதைத் திருத்துவது முன்னதைவிடக் கடினம். பொதுவாக ஆறேழு வயது தாண்டி, நடை ஒரு நிலைக்கு வந்தபின், இடுப்பு முழங்கால் கணுக்கால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத் தேவையானதை ஒரே தடவையில் செய்வதுதான் நல்லது. இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி அறுவை செய்து பழகிய எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள், முடிந்தால் இரண்டு பேரிடம் கேளுங்கள். ஸ்டெம்செல் (குருத்தணு) சிகிச்சை என்று யாராவது வந்தால் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் செரிபிரல் பால்ஸிக்கு அதைச் சிகிச்சையாக ஏற்கவில்லை, ஆனாலும் தோட்டத்தை விற்று லட்சக்கணக்கில் கட்டுகிற குடும்பங்கள் இருக்கின்றன, எனக்கு இதில் கோபமே வருகிறது.

யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், இடுப்பு எக்ஸ்ரே. கால் பின்னிக்கொள்கிற பிள்ளைகளில் தொடை எலும்பின் பந்து கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். செரிபிரல் பால்ஸி உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது நடக்கிறது, தொடக்கத்தில் வலிக்காது, வலிக்க ஆரம்பிக்கும்போது காலம் கடந்திருக்கும். இதுவரை எடுத்ததில்லை என்றால் இந்த மாதமே ஒன்று எடுங்கள், அப்புறம் ஆறு மாதத்துக்கா வருடத்துக்கா என்று டாக்டர் சொல்வார். பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள், புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணையும் காதையும் ஒருதடவை சோதித்துவிடுங்கள், குறைமாதப் பிள்ளைகளுக்கு மாறுகண்ணும் பார்வைக் குறையும் சகஜம், பார்வை சரியில்லாமல் கால் தடுக்குகிற பிள்ளையைக் காலால்தான் விழுகிறாள் என்று நினைத்துவிடுவோம்.

தனியாக நடப்பாளா? இரண்டு வயதுக்குள் பிடிமானமில்லாமல் உட்கார்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏதோ ஒரு விதத்தில் நடக்கிறார்கள், உங்கள் மகள் உட்கார்ந்திருக்கிறாள், இப்போதே பிடித்து நடக்கவும் செய்கிறாள். இதை ஐந்து நிலையாகப் பிரித்து அளக்கிற முறை ஒன்று 1997 முதல் உலகமெங்கும் இருக்கிறது. எதையும் பிடிக்காமல் நடந்து, படியேறக் கைப்பிடி தேடுவது இரண்டாம் நிலை, வாக்கர் அல்லது ஊன்றுகோலோடு நடப்பது மூன்றாம் நிலை, உங்கள் மகள் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன், நேரில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். பெரிய அளவிலான அசைவுத் திறனில் பெரும்பகுதி ஐந்து வயதை ஒட்டி வந்துவிடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு முன்னேற்றமே இல்லை என்று அர்த்தமில்லை, நடக்கும் தூரம், வேகம், விழாமல் திரும்புவது, தானே கழிப்பறை போவது எல்லாம் இன்னும் எவ்வளவோ கூடும். முன்னால் தள்ளுகிற வாக்கரைவிடப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிற வகை இவளுக்கு நிமிர்ந்து நடக்க உதவும், கேட்டுப் பாருங்கள். வாக்கர் கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவாள் என்பார்கள். அவளோடு ஒத்த பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும்போது அவளும் போய்ச் சேர வாக்கர் வழி என்றால் அதைக் கொடுங்கள்.

பள்ளி விஷயத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது. காலுக்காகப் படிப்பை நிறுத்தி வைத்தால் அந்த வருடங்கள் திரும்பக் கிடைக்காது, புத்தி தெளிவாக இருக்கிற பிள்ளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகள் பையோடு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளியோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ ஊனத்தைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்க முடியாது, கட்டடத்தையும் கழிப்பறையையும் பிள்ளைக்கு ஏற்றபடி அமைத்துத் தரவும் வேண்டும். இதைக் கோபமாகச் சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுங்கள், 'சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்' என்று ஒரு வரி போதும். வகுப்பு தரைத்தளத்தில், கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, பாதம் தரையில் படிகிற நாற்காலி, வரிசை நிற்கும்போது ஐந்து நிமிடம் முன்னால் கிளம்ப அனுமதி. அவர்களிடம் இதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. சமக்ர சிக்ஷா என்ற அரசுப் பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பு ஆசிரியர் உங்கள் வட்டாரத்திலும் இருப்பார், அவரைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று குழம்பிவிடுவாளோ என்றும் கவலை வேண்டாம், இரண்டு மொழி கேட்பதால் பேச்சோ புத்தியோ பின்தங்காது.

தென்காசி வரும்போது ஆய்க்குடிக்கு ஒருதடவை போய்ப் பாருங்கள். அந்த ஊர்க்காரரான எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் கீழே விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். 1981-ல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார், 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருக்கு வந்தது உங்கள் மகளுக்கு வந்தது போன்றதில்லை. தண்டுவடம் அடிபட்டால் அசைவோடு உணர்ச்சியும் போகும், படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் அங்கே பெரிய எதிரி, மரத்திலிருந்து விழுந்து அப்படி ஆனவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். உங்களை அங்கே போகச் சொல்வது வேறு காரணத்துக்காக. சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சி, ஸ்பிளிண்ட், பள்ளி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது, உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் வாக்கரோடு வகுப்புக்குப் போவதை உங்கள் வீட்டுக்காரரும் அத்தையும் கண்ணால் பார்ப்பார்கள். ஆரியங்காவிலிருந்து ரயிலிலேயே தென்காசிக்கு வந்துவிடலாம்.

சான்றிதழைக் கேரளத்திலேயே வாங்குங்கள், ரேஷன் கார்டும் ஆதாரும் அந்த முகவரியில் இருக்கும் என்று நினைக்கிறேன். யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மத்திய அரசுடையது, இணையத்தில் விண்ணப்பித்து அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவிடம் காட்டினால் கிடைக்கும், நாடு முழுக்கச் செல்லும், சிகிச்சையைத் தென்காசியிலோ திருநெல்வேலியிலோ எடுத்தாலும் தடையில்லை. ஆனால் மாத உதவித்தொகை போன்றவை மாநிலத்தைப் பொறுத்தவை, குடியிருக்கிற இடத்தில்தான் கேட்க முடியும், இரண்டு பக்கமும் பதிந்து பின்னால் சிக்கலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். பரிசோதனை நாளில் பிள்ளை நன்றாக நடக்க வேண்டும் என்று தயார்ப்படுத்தாதீர்கள், ஸ்பிளிண்ட் இல்லாமல் எப்படி நடக்கிறாளோ அதையும் காட்டுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். செரிபிரல் பால்ஸி பிள்ளைகளுக்கு நிராமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடு தேசிய அறக்கட்டளை வழியாக இருக்கிறது, வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய்வரை, தெரபிச் செலவும் அதில் வரும், அதையும் விண்ணப்பியுங்கள். ரயிலில் அவளுக்கும் கூட வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கு ரயில்வே தருகிற தனி அட்டை வாங்க வேண்டும்.

இன்னொரு பிள்ளையா? தாராளமாக. உங்கள் மகளுக்கு வந்தது குறைமாதப் பிறப்போடு சேர்ந்தது, வழிவழியாக வருவது என்று நினைக்க எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை. ஆனால் ஒருதடவை குறைமாதத்தில் பிறந்தால் அடுத்ததும் அப்படி ஆக வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம், அதனால் நாள் தள்ளியதுமே பதிவு செய்துவிடுங்கள், முதல் பிரசவத்து டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிரச் சிகிச்சைப் பிரிவு இருக்கிற மருத்துவமனையாகப் பார்த்து முன்பே முடிவு செய்யுங்கள், வலி வந்தபின் மலைப்பாதையில் வண்டி தேடுகிற நிலை வேண்டாம். நேரத்துக்கு முன்னால் வலி வந்தாலும், பிரசவத்துக்குச் சில மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டால் பிள்ளையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசியும், மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட்டும் தாய்க்குப் போடுவார்கள், செரிபிரல் பால்ஸி வரும் வாய்ப்பை அந்த மெக்னீசியம் குறைக்கிறது. போய்ச் சேர்ந்ததும் 'மூத்தவள் குறைமாதத்தில் பிறந்தவள், அவளுக்கு செரிபிரல் பால்ஸி' என்று பணியில் இருக்கும் டாக்டரிடம் நீங்களோ வீட்டுக்காரரோ முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.